கருந்தோலும் புற்றுநோயும்

கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டில் இந்நாட்டுக்கு வந்து, 1820 ஆம் ஆண்டு வரை படை வைத்தியராய் இருந்தவர் ஜோன் டேவி என்பார். சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்கு அமைத்துக் கொடுத்துப் புகழ் பெற்ற ஹம்பிரி டேவி என்னும் விஞ்ஞானியின் இளைய சகோதரர் இவர். மலைநாட்டின் மண், நீர், மரம், மாந்தர், அவர்தம் நோய் ஆகிய அனைத்தையும் ஆராய்ந்து இவர் எழுதிய நூல் 1821 இல் இலண்டன் மாநகரில் அச்சாயிற்று. அந்நூலில் ஒரு சிறுமியைப் பற்றிய குறிப்பு உண்டு. வயது பன்னிரண்டு. கருநிறப் பெற்றோருக்குப் பிறக்கும் வெண்ணிறக் குழந்தைகளுள் அவள் ஒருத்தி. கண் வெளிறிய நீலம், கூந்தலும் அதற்கேற்ற வெளிர் நிறம், மேனி இளஞ்சிவப்பு. இங்கிலாந்திலோ நோர்வே தேசத்திலோ இவள் நடந்து சென்றால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று டேவி எழுதினார். இத்தகைய தற்செயலான மாற்றமொன்று பெருகியே வெள்ளை இனம் தோன்றியிருக்கக்கூடும் என்றும் ஒரு கருத்தை அவர் துணிந்து சொல்லிவைத்தார்.

அக்கருத்தை இன்று எவரும் அவ்வாறே ஏற்றுக்கொள்ளார். ஆனால் நம் சிந்தனைக்குரியது வேறொன்று. நூறு பேர் கருநிறத்தவராய் உள்ள ஊரில் ஒருத்தி மட்டும் நிறமின்றிப் பிறந்தால், வெயில் அவளை என்ன செய்யும்? டேவியின் காலத்தில் அக்கேள்வியைக் கேட்பதற்கே வைத்திய நூலில் இடமிருக்கவில்லை. இன்று விடை தெரியும். நிறமியின்றிப் பிறந்தோர் வெப்ப நாடுகளிலே தக்க பாதுகாப்பின்றி வாழின், இளமையிலேயே முகத்திலும் கழுத்திலும் கையிலும் தோற்புற்று காணப்பெறுகின்றனர். ஆபிரிக்காவில் தான்சானியா முதலிய தேசங்களில் இவர்களுட் பலர் நடுவயதைக் காணாமலே இந்நோயால் இறந்திருக்கின்றனர். அயலில் உள்ள கருநிறத்தவரோ அதே வெயிலில் அதே வயலில் நின்றும் அந்நோய்க்குப் பெரும்பாலும் ஆளாவதில்லை.

ஆக, கருமை ஒரு குடை. மேற்றோலின் அடியிலே நிறமி செய்யும் கலங்கள் வரிசையாய் அமைந்துள்ளன. வெள்ளையர்க்கும் நமக்கும் அக்கலங்களின் தொகை ஏறக்குறைய ஒன்றே என்பது பலருக்கு வியப்பாய் இருக்கும். வேறுபடுவது அவை செய்யும் நிறமிப் பொதிகளின் பருமனும், அவை தோற்கலங்களிற் பரவிக் கிடக்கும் வகையுமே. அமெரிக்க ஆய்வாளர் சிலர் 1979 இல் அளந்து பார்த்தபோது, சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களிற் சுடும் பகுதி வெண்மேற்றோலை ஊடுருவியது நூற்றுக்கு 24 பங்கு. கருமேற்றோலை ஊடுருவியது நூற்றுக்கு 7 பங்கிற்குச் சற்று மேல். கண்டி நகரம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையளவில், கடல் மட்டத்துக்கு மேல் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டில் இரு முறை நண்பகற் சூரியன் இங்கே தலைக்கு நேர் மேலே நிற்கும். மலை ஏற ஏறக் காற்று குளிரும். ஆனால் ஊதாக்கடந்த கதிரோ குறையாது கூடும். நுவரெலியாவிற் குளிர்கிறதென்று வெயிலை மறந்திருப்போர் இதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இந்தக் குடையை நம்பியே ஒரு கருத்து நம்மவர் மத்தியில் வேரூன்றிவிட்டது. தோற்புற்று வெள்ளைக்காரர் நோய். நமக்கு வராது என்பதாம். இஃது அரை உண்மை. அரை உண்மை முழுப் பொய்யைவிடக் கெடுதி செய்வதுண்டு. இங்கே அதுதான் நடந்திருக்கிறது. நமக்கு அந்நோய் அரிதாய் வருகிறது என்பது மெய். வரும்போது பல வேளைகளில் வெயில் படும் இடத்திலன்றி, நாம் எதிர்பாராத இடங்களில் வருகிறது. அதனால் பிந்திக் கண்டுபிடிக்கப்படுகிறது. நோய்க்குறிகளை எழுதிவைத்த நூல்களெல்லாம் பெரும்பாலும் வெண்டோலைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதும் ஒரு காரணம். அவ்வறிவு எவ்வாறு திரண்டது, அதில் நமக்குரிய பகுதி யாது என்பதையே இப்பேச்சிற் கூற விரும்புகிறேன்.

முதலில் வெயிலின் கதை. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் 1820 களிலே கோப்பித் தோட்டங்கள் தோன்றின. பேராதனைக்கு அருகில் கன்னொறுவையில் தேசாதிபதி பார்ன்ஸ் தாமே ஒரு கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். கோப்பி இலைநோயால் அழிய, லூல்கந்துறையில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இத்தோட்டங்களின் துரைமார் எல்லோரும் பெரிய தொப்பி அணிந்தனர். வெப்பம் மூளையைத் தாக்கி உயிரைக் குடிக்கும் என்ற அச்சமே அதற்குக் காரணம். தோலைப் பற்றி எவரும் கவலைப்பட்டாரல்லர். வெயிலுக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டென்பதை 1894 இல் ஜேர்மனியில் ஊனா என்னும் வைத்தியர் கப்பலோட்டிகளின் முகத்தோலிற் கண்டார். ஈராண்டின் பின் 1896 இல் பிரான்ஸ் தேசத்துப் போர்டோ நகரில் டூப்ரேய் என்பவர் திராட்சைத் தோட்டத் தொழிலாளரிற் கண்டார். 1928 இல் பின்ட்லே என்பவர் சுண்டெலிகளின் மேல் ஊதாக்கடந்த கதிரைப் பாய்ச்சி, சோதனையாகவே புற்றை உண்டாக்கிக் காட்டினார். அவுஸ்திரேலியாவில் லங்காஸ்டர் என்னும் கணக்கறிஞர் 1956 இல் மரணப் பதிவுகளை ஒப்பிட்டு, ஐரோப்பிய இனத்தவர் பூமத்திய கோட்டை அணுகி வாழும் அளவுக்குக் கருநிறப் புற்றால் இறப்போர் தொகை கூடுவதை நிறுவினார். தொப்பி அணிந்த துரைமார் ஒரு தவறான காரணத்துக்காகச் சரியான காரியத்தைச் செய்தனர் எனலாம்.

இனி நோயின் வகைகள். தோற்புற்றுகளிற் பெருவழக்கானவை மூன்று. மேற்றோலின் அடிவரிசைக் கலங்களிற் பிறப்பது அடிக்கலப் புற்று. அதற்கு மேல், மீன் செதில் போலத் தட்டையாகும் கலங்களிற் பிறப்பது செதிற்கலப் புற்று. நிறமி செய்யும் கலங்களிற் பிறப்பது கருநிறப் புற்று. வைத்தியர்கள் மெலனோமா என்பர். இப்பாகுபாடு ஒரே நாளில் வந்ததன்று. தோற்புற்று மேற்றோலின் கலங்களிலிருந்தே பிறக்கிறது என்பதை நுணுக்குக்காட்டியின் துணையால் 1865 இல் ஜேர்மனியில் தீர்ஷ் என்பவர் நிலைநாட்டிய பின்னரே இது சாத்தியமாயிற்று.

அடிக்கலப் புற்றை முதலில் தனியே பிரித்துக் கண்டவர் டப்ளின் நகரத்து ஆர்தர் ஜேக்கப். கண்ணிமையில் தோன்றி, ஆண்டுக்கணக்காய் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு போவதும், மற்றைப் புற்றுகளைப் போல் நெறிகட்டாததுமான ஒரு புண்ணை 1827 இல் அவர் விவரித்தார். எலி கொறித்தது போன்று அரிப்பதால் ஆங்கில வைத்தியர் அதற்குக் கொறிபுண் என்ற பொருள்பட ஒரு பெயர் வைத்தனர். 1903 இல் ஹங்கேரி தேசத்துக் குரோம்பெக்கர் அதன் பிறப்பிடம் அடிக்கலம் என்று விளக்கினார். இப்புற்று வெண்டோலில் முத்துப்போல் மினுங்கும் சிறு கட்டியாய், மேலே மெல்லிய இரத்த நாளங்கள் ஓடத் தோன்றும். நூல்களில் உள்ள படம் அதுவே. நம் தோலிலோ அம்முத்து பெரும்பாலும் கறுத்திருக்கும். மூக்கின் ஓரத்தில், கண்ணின் உட்கோடியில், கன்னத்தில், கறுப்பு மணி பதித்தாற்போல் ஒன்று எழும். பார்ப்போர் மச்சம் என்பர்; அதிர்ஷ்ட மச்சம் என்று சாத்திரம் சொல்வாரும் உளர். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக முளைக்கும் மச்சத்தை அதிர்ஷ்டம் என்று நான் நம்பமாட்டேன். அது நடுவில் குழிந்து, விளிம்பு கயிறு திரித்தாற்போல் உருண்டு, பொருக்குக் கட்டி, பொருக்கு உதிர்ந்து இரத்தம் கசிந்து, மறுபடி பொருக்குக் கட்டுமாயின் ஐயத்துக்கு இடமேயில்லை. நல்ல செய்தி என்னவெனில், இப்புற்று உடலின் வேறிடங்களுக்குப் பரவுவது மிக அரிது. கெட்ட செய்தி, விட்டுவிட்டால் இருந்த இடத்திலேயே மூக்கையும் இமையையும் தின்றுவிடும்.

செதிற்கலப் புற்றின் கதையே நம் பகுதிக்கு மிக நெருங்கியது. அதிற் சற்று நின்று பேசவேண்டும்.

வெண்டோலில் இதற்கு முதற் காரணம் வெயில். கருந்தோலிலோ தழும்பும் ஆறாப் புண்ணும் ஓயாத உராய்வும் சூடுமே பெருங்காரணங்கள். இதனை உலகுக்குக் காட்டிய சான்றுகளிற் சிறந்தவை நம் துணைக்கண்டத்திலிருந்தே கிடைத்தன. காஷ்மீரத்திலே குளிர்காலத்தில் மக்கள் காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியைத் தூக்கித் திரிவர். பிரம்புக் கூட்டுக்குள் மண்சட்டி, அதற்குள் தணல். நீண்ட மேலங்கிக்குள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டும், உட்காரும்போது தொடைகளிடையே வைத்துக்கொண்டும் குளிர் காய்வர். 1865 இல் அங்கு சென்ற எல்ம்ஸ்லி என்னும் மிசன் வைத்தியர், வேறெங்கும் அரிதாய்க் காணப்படும் இடங்களான அடிவயிற்றுத் தோலிலும் உட்டொடையிலும் இம்மக்களுக்குப் புற்று வருவதைக் கவனித்து, அடுத்த ஆண்டே இந்திய வைத்திய ஏட்டில் எழுதினார். பின்னர் அதே ஸ்ரீநகரில் நெடுங்காலம் பணியாற்றிய ஏர்னஸ்ட் நீவ், தாம் சத்திரம் செய்த ஏராளமான நோயாளரைக் கொண்டு அதனை உறுதிப்படுத்தினார். முதலிற் சூடுபட்ட தோலில் வலைப்பின்னல் போன்ற பழுப்பு நிறக் கோலம், பின்னர் தடித்துச் செதிலெடுத்தல், பல்லாண்டு கழித்து ஆறாப் புண், அதிலிருந்து புற்று. அயர்லாந்திலே குளிருக்குக் கணப்பருகில் உட்காரும் கிழவிகளின் முழந்தாளுக்குக் கீழும் இதே கோலமும் சிற்சிலர்க்கு இதே முடிவும் காணப்பட்டன. தோட்டத்து லயங்களில் மார்கழி தைக் குளிரில் அடுப்பங்கரையில் காலை நீட்டிக் குந்தியிருக்கும் நம் முதியோர், தம் கணைக்காலில் அப்பழுப்பு வலை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் தகும்.

இரண்டாவது சான்று பம்பாயிலிருந்து வந்தது. 1941 இல் திறக்கப்பெற்ற தாதா நினைவு மருத்துவமனையில் இழைய ஆய்வு செய்த கானோல்கர், இடுப்பைச் சுற்றி ஒரே வரையில் புற்றுத் தோன்றிய ஆடவர் சிலரைக் கண்டார். எல்லோரும் வேட்டி கட்டுவோர். இறுக முடிந்து, அதே இடத்தில், அதே முடிச்சோடு, வாழ்நாள் முழுதும் கட்டியோர். 1945 இல் இதனை வேட்டிப் புற்று எனப் பெயரிட்டு எழுதினார். பிற்காலத்தில் சேலைக்கு உள்ளே பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிய மாதரிடையும் இத்தகையது காணப்பட, சேலைப் புற்று என்னும் பெயரும் வந்தது. இவை மிக அரியவை. எவரும் வேட்டியை விட்டுவிட வேண்டியதில்லை. இடுப்பைச் சுற்றிய தோல் கறுத்துத் தடித்துச் செதிலெடுத்தால் முடிச்சைத் தளர்த்தி இடத்தை மாற்றினாலே போதும். கொழுந்து பறிக்கப் போகையிற் படங்கை இறுக வரிந்து கட்டும் பெண்களும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் பெரிது. அது பழைய தழும்பு. பாரிஸ் நகரத்துச் சத்திர வைத்தியர் மார்ஜொலின் 1828 இல் தழும்புகளில் எழும் முரட்டுப் புண்களைப் பற்றி எழுதினார். அவை புற்றே என்பதை அவர் அப்போது அறிந்திலர். ஆயினும் இன்றளவும் தழும்பிற் பிறக்கும் புற்று மார்ஜொலின் புண் என்றே வழங்குகிறது. தீக்காயத் தழும்பு, எலும்பு வரை சென்று ஆண்டுக்கணக்காய்ச் சீழ் வடியும் புரை, நாளம் புடைத்த காலின் ஆறாப் புண், குட்டநோயால் உணர்ச்சியற்ற பாதத்தின் குழிப்புண் ஆகிய எதிலும் இது எழலாம். தழும்பு விழுந்தபின் முப்பது ஆண்டு கழித்து எழுவதும் உண்டு. அதனாலேயே நோயாளி இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை.

இலங்கையிலே தீக்காயம் என்றதும் மண்ணெண்ணெய் விளக்கு நினைவுக்கு வரும். மின்சாரம் எட்டாத வீடுகளில் வெற்றுப் போத்தலில் திரியிட்டு எரித்த குப்பி விளக்கு, தட்டுப்பட்டால் உருண்டு, எண்ணெய் கொட்டி, உடையைப் பற்றிக்கொள்ளும். சத்திர வைத்தியர் விஜய கொடகும்புர, இவ்வாறு எரிந்து வந்தோரைக் கண்டு மனம் பொறாது, குட்டையாய்க் கனமாய் இரு பக்கம் தட்டையாய்த் திருகு மூடியோடு கூடிய ஒரு கண்ணாடி விளக்கை 1990 களின் தொடக்கத்தில் அமைத்தார். அதற்கு 1998 இல் சர்வதேசப் பரிசும் கிடைத்தது. இன்று மின்சாரம் ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த நாளில் எரிந்த சிறுவர் சிறுமியர் இன்று நாற்பது ஐம்பது வயதினர். முழங்கை மடிப்பிலும் முழந்தாளின் பின்புறத்திலும் இழுபட்டுச் சுருங்கிய அவர்தம் தழும்புகள் அப்படியே உள்ளன. மடிக்கும்போதெல்லாம் வெடிக்கும் தழும்பே ஆபத்தானது. மூன்று மாதமாகியும் ஆறாத வெடிப்பு, கடினமாய் மேலெழும் விளிம்பு, பூக்கோசு போற் பரந்த சதை, தொட்டால் இரத்தம், புதிதாய் ஒரு துர்நாற்றம், அக்குளிலோ அரையிலோ நெறிகட்டுதல்: இவற்றில் ஒன்று கண்டாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நோவு இல்லையே என்பது சமாதானம் ஆகாது. தொடக்கத்தில் நோவு இல்லாதிருப்பதே இந்நோயின் இயல்பு.

வேறு இரண்டு காரணங்களை விரைந்து சொல்லிக் கடக்கலாம். தொழிலாற் புற்று வரும் என்பதை உலகுக்கு முதன்முதற் காட்டியது தோற்புற்றே; இலண்டன் புகைக்கூண்டு துடைப்போரின் புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என 1775 இல் பேர்சிவல் பொட் எழுதினார். 1915 இல் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் தார் பூசிப் பூசி அதை மெய்ப்பித்தனர். மற்றது பாஷாணம். பாஷாணம் சேர்ந்த மருந்தை நெடுநாள் உண்டோரின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறு முளைகள் எழுந்து புற்றாவதை இலண்டன் வைத்தியர் ஜொனதன் ஹட்சின்சன் 1880 களிற் கண்டார். நூறாண்டு கழிந்து 1983 இல், கல்கத்தாவில் வைத்தியர் சாஹா அதே முளைகளை மேற்கு வங்கக் கிராமத்தவரிற் கண்டார். அங்கே நஞ்சு மருந்திலன்றிக் குழாய்க் கிணற்று நீரில் இருந்தது. தாளகம், மனோசிலை சேர்ந்த மருந்துகளை அளவறியாதார் கையால் வாங்கி உண்போர் இதனை எண்ணிப் பார்க்க.

மூன்றாம் வகை, கருநிறப் புற்று. தொகையிற் சிறிது, கொடுமையிற் பெரிது. பிரான்ஸ் தேசத்து லெனெக், நெஞ்சொலி கேட்கும் குழாயைக் கண்டுபிடித்த அதே லெனெக், 1804 இல் இதனைத் தனி நோயாகப் பிரித்துரைத்தார். இங்கிலாந்தின் நாட்டுப்புற வைத்தியர் வில்லியம் நொரிஸ் 1820 இல் ஒரு நோயாளியைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். பின்பு குடும்ப வழியாக வருவதுண்டு என்பதையும் மச்சத்தோடு தொடர்புண்டு என்பதையும் குறித்தார். 1886 இல் முற்கூறிய ஹட்சின்சன் நகத்தடியில் எழும் கருநிறப் புற்றை விவரித்து, கருமை நகத்தைத் தாண்டி நகக்கண்ணின் தோலில் படிவதே அடையாளம் என்றார். நமக்கு வேண்டிய அறிவு முழுவதும் அந்த ஒரு குறிப்பிலேயே அடங்கியிருந்தது. ஆனால் அடுத்த நூறாண்டு வெள்ளையரின் முதுகையும் காலையும் பார்ப்பதிலேயே கழிந்தது. நியூயோர்க் வைத்தியர்கள் 1985 இல் பொதுமக்களுக்கென வகுத்த எளிய விதி இன்றும் நல்லதே: மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாதிருத்தல், விளிம்பு கந்தலாய் இருத்தல், பல நிறம் கலந்திருத்தல், அகலம் 6 மில்லிமீற்றருக்கு மேற்படல். வர வர மாறிக்கொண்டிருத்தல் என்பதைப் பிற்பாடு ஐந்தாவதாகச் சேர்த்தனர். ஐந்தினுள் எனக்கு முக்கியமாய்த் தோன்றுவது அந்த ஐந்தாவதுதான்.

கருந்தோலில் இப்புற்று வரும் இடம் எது? உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி, அரிதாக வாயினுள். நிறம் குறைந்த இடங்கள் அவை. இங்கே வெயிலுக்குப் பெரும் பங்கில்லை. இவ்வகைக்கு 1976 இல் அமெரிக்க இழையவியலாளர் ரீட் தனிப் பெயர் கொடுத்தார். இவ்வகை எல்லா இனத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவிலே வருகிறது. வெள்ளையர்க்கு மற்ற வகைகள் மிகுதியாய் வருவதால் அவர்களிடையே இது சிறுபான்மை. நமக்கு மற்றவை மிக அரிதாய் வருவதால் நம்மிடையே இதுவே முதன்மை. உலகறிந்த சான்று ஜமைக்காத் தீவின் பாடகர் பொப் மார்லி. 1977 இல் அவருடைய காற்பெருவிரல் நகத்தடியில் இந்நோய் கண்டது. பந்தாட்டத்தில் பட்ட காயமென்றே எண்ணப்பட்டதாகச் சொல்வர். 1981 இல், முப்பத்தாறாம் வயதில், நோய் எங்கும் பரவி இறந்தார்.

இக்கதையை மலையகத்துக்கு மாற்றிப் பாருங்கள். வெறுங்காலோடு மலையேறிக் கொழுந்து பறித்தோர் தலைமுறை தலைமுறையாய் இருந்தனர். இன்றும் பலருக்கு ஒரு சோடி இறப்பர்ச் செருப்பே பாதுகாப்பு. அவர் பாதத்தில் அட்டைக் கடி, முள், கல், காய்ப்பு, கால் ஆணி, சேற்றுப்புண் ஆகியவற்றுக்குக் குறைவில்லை. அவற்றினிடையே ஒரு கரும்புள்ளி தோன்றினால் அதனை யார் தனித்துக் காண்பர்? மண் ஏறிய வெடிப்பு என்பர். இரத்தம் கட்டியது என்பர். கசியத் தொடங்கினால் மஞ்சளரைத்துப் பூசுவர். இதில் அவர்களைக் குறைகூற நான் துணியேன். நாளொன்றின் கொழுந்து நிறை குறைந்தால் கூலி குறையும். நோவாத ஒரு புள்ளிக்காகக் கண்டி வரை பஸ் ஏறி ஒரு நாளை யார் இழப்பர்?

வெறுங்கால் நோய்களிற் கருமை காட்டும் வேறொன்றும் உண்டு. 1842 இல் மதுரை மருந்துச்சாலையில் கில் என்பவர் கண்டமையால் மதுரைக் கால் என்றே உலக வைத்தியம் வழங்கும் நோய் அது. முள் குத்திய வழியே கிருமி புகுந்து பாதம் வீங்கி, பல துளைகள் வழியாகக் கறுப்பு மணிகள் வெளிவரும். புற்றன்று, ஆயினும் அதற்கும் வைத்தியம் வேண்டும். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி வைத்திய நூலில் வன்மீகம், அதாவது கறையான் புற்று, என்ற பெயரோடு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் எழும் முடிச்சுநோய் ஒன்று சொல்லப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. நாமும் மேலைத்தேயத்தார் நண்டை உவமையாக்கிய நோய்க்குப் புற்றையே பெயராக்கினோம்.

எல்லாக் கருமையும் புற்றன்று என்பதையும் சொல்லவேண்டும். அச்சமூட்டுவது என் நோக்கமன்று. கருநிறத்தவர் பலரின் நகங்களில் நீளவாக்கில் கருங்கோடுகள் இயல்பாகவே உண்டு. பல விரலில், பல காலமாக, மாறாது இருப்பின் கவலை இல்லை. ஒரே விரலில் புதிதாய்த் தோன்றி, அகன்றுகொண்டே போய், நகக்கண்ணின் தோலையும் கறுப்பாக்குமாயின் அதுவே ஹட்சின்சன் சொன்ன குறி. அடிபட்டு நகத்தடியில் கட்டிய இரத்தம் நகத்தோடு வளர்ந்து நுனிப்பக்கம் நகரும், புற்று நகராது. உள்ளங்காலின் வெளிறிய புள்ளிகள் முதியோர்க்குச் சாதாரணம். கறுத்து விரிந்து விளிம்பு கலங்குவது அசாதாரணம். 1992 முதல் நம் நாட்டில் அறியப்பட்டுள்ள மணல் ஈ நோய் இன்னொரு மயக்கம் தரும். வரண்ட பகுதிகளில் மிகுந்த அந்நோயில் முகத்திலும் கையிலும் நோவற்ற கட்டி எழுந்து புண்ணாகும். பார்வைக்குப் புற்றே போலும்; இழையச் சோதனை ஒன்றே தீர்க்கும்.

இச்சோதனை பற்றித்தான் நம்மவரிடம் பெரும் பயம். கத்தி பட்டால் புற்று பரவும் என்பர். தோற்புற்றைப் பொறுத்தமட்டில் இது தவறு. சந்தேகித்த இடத்தில் ஒரு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை. பார்க்காமல் விடுவதாலேயே பரவுகிறது. கத்திக்கு அஞ்சுவோர் தாமே செய்யும் சிகிச்சைகளோ கத்தியினும் கொடியவை. சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து மருவைச் சுடுவர். குதிரைவால் மயிரால் இறுகக் கட்டி விழச் செய்வர். விழுந்தது மருவாயின் நன்று. புற்றாயின், மேற்புறம் விழுந்து வேர் உள்ளே நிற்கும். விழுந்ததைக் குப்பையிலும் எறிந்தாயிற்று. என்ன நோய் என்று சொல்ல ஒருவராலும் இயலாது.

எறியாது வைத்ததன் பயனுக்கு ஒரு சான்று உண்டு. 1787 இல் இலண்டனில் ஜோன் ஹன்டர் என்னும் பேர்பெற்ற சத்திர வைத்தியர், முப்பத்தைந்து வயதினர் ஒருவரின் தாடைக்குப் பின்னிருந்து கறுத்த கட்டியொன்றை வெட்டி எடுத்தார். என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் மதுசாரத்தில் இட்டுப் போத்தலில் வைத்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் 1941 இல் அவர் சேகரித்தவற்றின் பெரும்பகுதி குண்டுவீச்சில் அழிந்தபோதும் அப்போத்தல் தப்பியது. 1968 இல் அதனை நுணுக்குக்காட்டியிற் பார்த்தோர் கருநிறப் புற்று என்று தெளிந்தனர். வெட்டிய 181 ஆண்டின் பின்னர்.

கண்டு சொல்வதற்கு எப்போதும் வைத்தியரே வேண்டுமென்பதில்லை. வெற்றிலையால் வரும் வாய்ப்புற்று இந்நாட்டிலே தோற்புற்றைவிடப் பன்மடங்கு மிகுதி. அதனை இனங்காணக் கிராமச் சுகாதார ஊழியருக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, அவர்கள் வழக்கமான வேலையினூடே பல்லாயிரவர் வாயைப் பார்த்துச் சந்தேகித்தோரை அனுப்பிவைத்த முயற்சி ஒன்று இங்கே நடந்தது. அதன் அறிக்கை 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியாயிற்று. நாக்கைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு உள்ளங்காலைப் பார்ப்பது அரிதன்று. குட்டநோய் என்று ஊர் சொல்லிவிடுமோ என அஞ்சித் தோற்புண்ணை மறைப்போர் இன்றும் உளர். அவர்கள் வைத்தியரிடம் காட்டாததை வீட்டாரிடமாவது காட்டுவர்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் தோல் நோய்க்கென வைத்திய நிபுணர் உளர். அரசாங்க வைத்தியசாலைகளில் இழையச் சோதனைக்குக் கட்டணம் இல்லை. போகுமுன் புள்ளியின் அகலத்தை நூலால் அளந்து, நாள் குறித்து வையுங்கள். கைத்தொலைபேசி உள்ளோர் ஒரு படமும் எடுத்து வைக்கலாம். எத்தனை நாளாக, எவ்வளவு பெருத்தது, எப்போது கசிந்தது, அவ்விடத்தில் முன்பு தீயோ காயமோ பட்டதுண்டா என்பவற்றையே வைத்தியர் முதலிற் கேட்பார். காலை நன்றாகக் கழுவி, காய்ப்பின் மண்ணைத் தேய்த்து நீக்கி, மஞ்சளோ பச்சிலையோ பூசாமற் செல்லவேண்டும். பூசினால் நிறம் மறையும்.